நம்மள மாதிரி இல்லாதவங்க

"நம்ம சபைப் பணத்துல நடக்குற பல்கலைக்கழகம் இது. ஃபீஸை ஒரு பைசாகூட ஏத்தக் கூடாது! நம்மள மாதிரி இல்லாதவங்க பிள்ளைங்க வேற எங்க போய்ப் படிக்கும்?"

சபைக் கூட்டத்தில் நான் முழங்கி முடித்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, ஏத்தல. அப்போ பணம் துண்டு விழுமே, அதை யாரு தருவீங்க?"

தட்டிய கைகளெல்லாம் மடிக்குத் திரும்பின. முழங்கும்போது உயர்த்திய என் கையும்தான்.

கடைசி வரிசையில், மண்டபம் பெருக்கும் அக்கா எழுந்தார். "மாசம் ஒரு நாள் கூலி நான் தர்றேன், பாஸ்டர்."

"உங்க வீட்டுல படிக்கிற பிள்ளைங்க இல்லையேம்மா?"

"அடுத்த வீட்டுல இருக்கே."

கூட்டம் கலைந்ததும் அந்த அக்கா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்க பொண்ணு அங்கதான் படிக்குதாமே? வீட்டுக் கஷ்டத்த நாலு பேர் முன்னால சொல்ல எவ்வளவு கூசியிருக்கும்! கவலப்படாதீங்க, படிப்பு நிக்காது. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?"

"இருக்குக்கா."

சட்டைப்பைக்குள் சாவி சத்தம் போடாதபடி அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மரத்தடியில் நின்ற என் புதுக் காரைத் தாண்டி அவரோடு நடந்தேன்.

என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார்.