ஏழாம் பக்கத்துக் கடிதம்

மாதேஸ்வரி எழுதிக் கொடுத்த கடிதம் ஏழாம் பக்கத்தில் அடங்கவில்லை.

பிளஸ் டூ கம்ப்யூட்டர் வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பாப் இதழ் வடிவமைப்பது. மதியத்துக்குள் பிரிண்ட் எடுத்து ரத்தினவேல் சாரிடம் கொடுக்க வேண்டும். நான்தான் ஆசிரியர். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

அந்த மாதிரி இதழுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அட்டையில் ஒரு பாடகனின் சிரிப்பு, பிங்க் நிறம், மூன்று ஆச்சரியக்குறி. நடுவில் கிழித்து ஒட்டிக்கொள்ளப் போஸ்டர். 'உன் ஆள் உனக்குப் பொருத்தமா?' என்று பத்துக் கேள்வி. கடைசியில் 'ஹீனா அக்காவிடம் கேளுங்கள்'. வாசகி கேட்பாள், நான் பதில் சொல்வேன்.

வாசகியின் கடிதத்தை எழுதுவது, ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்காரும் மாதேஸ்வரியின் வேலை. ஒரு பரு, ஒரு காதல், அவ்வளவு போதும் என்று சொல்லியிருந்தேன். இவளோ தாளின் இரண்டு பக்கமும் அழுது வைத்திருந்தாள்.

வாசகிக்குப் பதினாறு வயது. தாய்மாமனுக்குக் கட்டிவைக்க வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். மாமனுக்கு முப்பத்திரண்டு. அவளுக்கோ பரீட்சை எழுத ஆசை.

எங்கள் மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் தெருவுக்கு ஒரு கதை இப்படி உண்டு. தினமும் பார்ப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

எரிச்சலாக வந்தது. மாமனின் வயதை வெட்டினேன். அம்மா காலில் விழுந்து அழுத இடத்தை வெட்டினேன். தாளின் பின்பக்கத்தைப் படிக்கவே இல்லை. கடிதம் மூன்று வரிக்குள் அடங்கியது. இதயப் படம் வைக்க இடமும் கிடைத்தது.

பதிலை ஒரே மூச்சில் டைப் செய்தேன். 'செல்லக்குட்டி, கவலையை விடு! மனசில் இருப்பதை முதலில் உன் உயிர்த்தோழியிடம் சொல். அவள் கண்டிப்பாக உதவுவாள்!'

மாதேஸ்வரி பக்கத்தில் வந்து நின்று திரையைப் படித்தாள். வெட்டியதற்குச் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

"அவகிட்டதான்டி ஹீனா எழுதிக் குடுத்தேன்" என்றாள்.

தாளைத் திருப்பினேன்.

காவேரிப்பட்டினத்தில் மாமன் வீட்டுப் பக்கத்துக் கோயில், வெள்ளிக்கிழமை விடிகாலை என்று அவளுடைய குண்டு எழுத்தில் இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள் என்றும் இருந்தது.

அன்று புதன்.

பிரிண்ட் என்னாச்சு என்று சார் கேட்டார். தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். மாதேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த உயிர்த்தோழி என்ன செய்ய வேண்டும் என்று பதிலில் நான் எழுதவே இல்லை.