ஒன்பதாவது டேக்

படமெடுப்பது பற்றி மூன்று புத்தகங்கள் படித்திருந்தான் தணிகைவேல். கையில் காசில்லையென்றால் வீட்டில் இருப்பவர்களையே நடிக்க வை என்று மூன்றிலும் போட்டிருந்தது. மனைவி வாசுகியை ஜன்னலோரம் உட்காரவைத்து எட்டு முறை எடுத்தும் அவளுக்கு அழுகை வரவில்லை. ஒன்பதாவது முறை கேமராவின் பொத்தானை அழுத்தினான். செல்போனைக் காதில் வைத்து யாரிடமோ கேட்பதுபோல் கேட்டுவிட்டு, தணிந்த குரலில் சொன்னான். "உன் தம்பிய லாரி அடிச்சிருச்சாம் வாசுகி. போயிட்டானாம்."

அவள் தரையில் விழுந்து புரண்டாள். போதுமென்று தோன்றும்வரை காத்திருந்து மறுபடி பொத்தானை அழுத்தினான். "எந்திரி. சும்மா சொன்னேன். அவன் நல்லாத்தான் இருக்கான்."

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான், எட்டாவது முறைக்குப் பிறகு கேமராவை நிறுத்த மறந்தது தெரிந்தது. ஒன்பதாவது முறை அழுத்தியதில் அது நின்றுபோய், நிறுத்துவதாக நினைத்து அழுத்தியபோதுதான் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அழுகையில் ஒரு துளிகூடப் பதிவாகவில்லை. பதிவானதெல்லாம் அதற்குப் பிறகு வந்த அவன் குரலும், அதைக் கேட்டு மெல்ல நிமிர்ந்து இமைக்காமல் அவனைப் பார்த்த அவள் முகமும்தான். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். இதைவிட நல்ல முடிவு படத்துக்குக் கிடைக்காது. வேண்டாத சத்தமென்று அதில் அவனுக்குப் பட்டது தன் குரல் ஒன்றுதான். அதை வெட்டி எறிந்தான்.