அவரவர் கட்டம்

கம்பெனி வரவழைத்த ஆலோசகர் கை தட்டச் சொன்னார். கழுதை வயதான நாங்கள் எல்லோரும் மழலைப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தட்டினோம்.

காலையிலிருந்து இதே கூத்துதான். காகிதத்தில் விமானம் செய்து விடச் சொன்னார். பந்து உருட்டச் சொன்னார். ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுக்கச் சொன்னார். பக்கத்து நாற்காலிக்காரரின் வியர்வை என் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியது.

சீ! இதற்குத்தானா படித்தேன்?

கம்பெனி மென்பொருள் செய்கிற முறையையே மாற்றப்போகிறதாம். இனி எல்லாம் அஜைல், அதாவது வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வேகமாக முடிப்பது. அதிலும் எந்த ஃபிரேம்வொர்க், எந்த விதிமுறைத் தொகுப்பு வேண்டும் என்று ஊழியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். எம்.டி.க்குத் திடீரென்று எங்கள் மேல் அவ்வளவு மரியாதை.

போட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று கெடுபிடியானது. அடுக்கடுக்காகப் பதவிகள், கூட்டத்துக்கு மேல் கூட்டம். மற்றது நெகிழ்வானது. மூன்றே மூன்று பொறுப்புகள், மீதியெல்லாம் எங்கள் இஷ்டம்.

நெகிழ்வானதுதான் ஜெயித்தது. ஜெயிக்க வைத்தவர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை எங்கள் புராஜெக்ட் மேனேஜர். ஐம்பதைத் தாண்டியும் தினமும் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நிற்பதால் அந்தப் பட்டம். வாடிக்கையாளருக்குத் தேதி சொல்வது அவர் வேலை. அந்தத் தேதியில் நாங்கள் முடிக்காவிட்டால் எங்களுக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவதும் அவர்தான்.

கெடுபிடியானது வந்தால் உங்களையெல்லாம் சக்கையாகப் பிழிந்துவிடும் என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். மென்பொருளில் பிழை தேடுகிற எனக்கு எந்த ஃபிரேம்வொர்க்கும் ஒன்றுதான். அவர் சொன்னாரே என்றுதான் கை தூக்கினேன்.

கை தட்டி முடிந்ததும் ஆலோசகர் வெள்ளைப்பலகையில் கட்டங்கள் போட்டார். என்ன செய்வது என்று முடிவெடுப்பவர். முறை தவறாமல் பார்த்துக்கொள்பவர். வேலையைச் செய்பவர்கள். ஓரத்தில் சிவப்பு மையில் இன்னொரு கட்டம்: தடைகள். வேலையைத் தாமதப்படுத்துகிற எதையும் அதில் ஒட்டிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக அகற்ற வேண்டுமாம்.

ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்தார். பெயரெழுதி அவரவர் கட்டத்தில் ஒட்டச் சொன்னார்.

முதல் கட்டத்தில் எம்.டி.யின் மச்சினன் பாய்ந்துபோய் ஒட்டினான். எங்கள் மென்பொருளை அவன் ஒரு நாளாவது திறந்து பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். இரண்டாவதற்குத் தன் ஆள் ஒருவர் வருவார் என்று ஆலோசகரே சொல்லிவிட்டார். நாங்கள் எல்லோரும் மூன்றாவதில் ஈ மொய்ப்பது போல ஒட்டிக்கொண்டோம்.

மாப்பிள்ளை மட்டும் பலகை முன்னால் நின்றார்.

முதல் கட்டத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் ஒட்ட வேண்டுமென்றால் புரோகிராம் எழுத வேண்டும். அவர் அதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

அடக் கடவுளே. மனிதர் இரண்டு ஃபிரேம்வொர்க்கையும் வரி வரியாகப் படித்திருக்கிறார். எங்களுக்கு எங்கே வலிக்கும் என்று தேடியே படித்திருக்கிறார். ஜெயிக்க வைத்ததில் தன் வேலை எங்கேயுமே இல்லை என்பதைப் பார்க்கவில்லை.

அவர் மகள் இந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.

ஒருவன் போனை நோண்டினான். ஒருத்தி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். நானும் என் பெயர் கோணலாக இருக்கிறதென்று எடுத்து மறுபடி ஒட்டினேன்.

மாப்பிள்ளை சட்டென்று சிரித்தார். எட்டி, தன் பெயரைச் சிவப்புக் கட்டத்தில் ஒட்டினார்.

"நமக்கு இதுதாங்க பொருத்தமான இடம்!"

கொல்லென்று சிரித்தோம். அப்பாடா என்றிருந்தது. எந்தச் சங்கடத்தையும் தமாஷாக்கி எங்களைக் கரையேற்றிவிடுவது அவர் வழக்கம். ஆலோசகர்கூடச் சிரித்துக்கொண்டே பலகையைப் படம் எடுத்தார்.

எம்.டி. மட்டும் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்து, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். மெல்லிய குரலில்தான் கேட்டார். ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

"உங்களுக்கு யார் சொன்னது? திங்கக்கிழமை நானே கூப்பிட்டுச் சொல்றதா இருந்தேனே."