மல்லாந்து

இருபது பேருக்கான சிறை அறையில் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவர் புரண்டால் வரிசையே புரள வேண்டும். விசாரணைக் கைதி சுடலைமுத்துவுக்கு மூன்று வருடம் இப்படியே போயிற்று. நெரிசலைக் குறைக்கப் பலரை ஜாமீனில் அனுப்பச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. காலையில் வார்டர் நாற்பது பெயர்களை வாசித்தார். அவன் பெயர் அதில் இல்லை. போகிறவர்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கதவு சாத்தியதும் சுடலைமுத்து அறையின் நடுவே போய் மல்லாந்து படுத்து, கைகால்களை அகல விரித்தான். யார் மேலும் படவில்லை. முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தரையோடு சேர்ந்தது.

“பேரு வரலன்னு கஷ்டமா இருக்காடே?” கம்பிக்கு வெளியே நின்று வார்டர் கேட்டார்.

“நாளைக்குக் கஷ்டப்பட்டுக்கிடுதேன்யா,” என்றான் கண்ணை மூடியபடி. “இப்பம் கொஞ்சம் படுத்துக்கிடுதேன்.”