மணல் மூடிய வீட்டில் பிறந்தவர்

சாம்பல் நிறப் போர்வை போர்த்திய அந்த அம்மாள் சுவரைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள். எழுத்தாளர் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மூலையிலதான் நான் பொறந்தேன்,” என்று அப்போதுதான் அவர் சொல்லி முடித்திருந்தார். வாசகர்கள் முழங்கால் மணலில் அசையாமல் நின்றார்கள். கூரையில்லாத அறைக்குள் காற்று நுழைந்து, பக்கத்து அறையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது போலச் சத்தம் போட்டது.

‘எழுத்தாளரோடு ஒரு நாள்’ என்று பதிப்பாளர் ஏற்பாடு செய்த பேருந்துப் பயணம் அது. முதலில் பாலைவனம், மதியத்துக்குமேல் மலை, கடைசியில் மலையடிவாரத்தில் சுரங்கம் மூடியதும் ஜனங்கள் கைவிட்டுப் போன இந்த ஊர். மணல்மேட்டைக் கண்டதும் “என் தொட்டில்” என்றார் எழுத்தாளர். மொட்டை மலையைக் கண்டதும் “என் அப்பா” என்றார். மலை மறுக்கவில்லை.

உண்மையில் அவர் இந்த ஊரை முதன்முதலில் பார்த்தது ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், நாள்காட்டிப் படத்தில். பிறந்தது நகரத்தில், குளிரூட்டிய மருத்துவமனையில். அப்படிப் பிறந்தவனின் சுயசரிதையைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? ‘மணல் தின்ற தாலாட்டு’ பத்துப் பதிப்பு கண்டுவிட்டது. நாட்டின் பெரிய விருது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விருதுக் குழுவின் தலைவியான பேராசிரியையே இதோ, கைக்குட்டையும் கையுமாக முன்னால் நிற்கிறார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கும், இந்தப் போர்வைக்காரி மட்டும் இல்லாவிட்டால்.

மற்றவர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்திருக்க, அவள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. உச்சி வெயிலில் மணல்மேட்டின் மேல் தனியாக நின்றாள். காலடியில் நிழல்கூட இல்லை. சூரியன் தலைக்கு நேரே இருந்தால் யாருக்குமே நிழல் இராது என்பது எழுத்தாளருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. மலைக் கணவாயில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்தபோது, அவள் இமைக்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

யார் அவள் என்று பதிப்பாளரிடம் மெல்ல விசாரித்தார். “டிக்கெட் வாங்கியிருக்காங்க சார். அழுதா அழுதுட்டுப் போகட்டும்,” என்றார் பதிப்பாளர்.

இந்த ஊருக்குள்ளோ, அவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவள் அங்கே முன்பே நின்றிருந்தாள். பேயோ என்றுகூட நினைத்தார். பேயாக இருந்தால் தேவலை. பேய் பேட்டி கொடுக்காது. இவள் இந்த ஊரிலேயே வாழ்ந்து கெட்டவளாக இருந்தால்?

பேராசிரியை தொண்டையைச் செருமி, ஐந்தாம் அத்தியாயத்தை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார். அதில், ஊரைக் காலி செய்த நாளில், மணற்புயலுக்கு நடுவே, மகனை லாரியில் ஏற்றிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுக்கத் திரும்பிப் போன தாய், பிறகு வரவேயில்லை. படித்து அழாதவர் கிடையாது. அவரை நிஜமாகப் பெற்றவளோ, மின்விசிறிக்குக் கீழே சொந்தக் கட்டிலில் தொலைக்காட்சித் தொடர் பார்த்தபடியே கண்ணை மூடியவள்.

எழுத்தாளர் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். புயல் வந்தது, லாரி வந்தது. குடம் வந்த இடத்தில் போர்வைக்காரி கையை உயர்த்தினாள். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.

“குடத்தைக் கண்டுபிடிக்கவே முடியல,” என்றாள் அவள். நாள் முழுக்கப் பேசாத குரல் கரகரத்தது. “திரும்பி வந்தா லாரி இல்ல.”

வாசகர்கள் விலகி அவளுக்கு வழிவிட்டார்கள்.

அவள் கால் புதையப் புதைய நடந்து வந்து, அவர் கன்னங்களை இரண்டு கைகளாலும் பிடித்தாள். அந்த வெயிலிலும் கைகள் சில்லென்றிருந்தன. இத்தனை வருஷமாகத் தேடாத இடமில்லை என்றாள். புத்தகத்தைப் படித்துத்தான் பிள்ளை உயிரோடிருப்பது தெரிந்தது என்றாள். இனிக் கட்டை வேகிற வரைக்கும் மகன் வீடுதான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

பேராசிரியை விம்மினார். விருதைப் பற்றி இனிப் பேச்சே இல்லை, இவருக்குத்தான் என்று அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த பதிப்பாளர், அடுத்த பதிப்புக்கு அட்டைப்படம் கிடைத்துவிட்டது என்றார்.

இவள் என் அம்மா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படியானால் அம்மா யார் என்று கேட்பார்களே. தொட்டில், அப்பா, லாரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாபஸ் வாங்க வேண்டும். அவரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“அம்மா,” என்றார் எழுத்தாளர்.

கைதட்டல் கூரையில்லாத வீடுகளில் மோதி, ஆளில்லாத தெருக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. அவளை அணைத்துக்கொண்ட சாக்கில், இந்த ஊரில் அவள் வாழ்ந்தது எந்த வீட்டில் என்று காதோடு கேட்டார்.

அவள் அவர் தலையை வாஞ்சையோடு கோதினாள்.

“நானும் இன்னிக்குத்தான் இந்த ஊரைப் பாக்குறேன், கண்ணு.”