திட்டுக்கு வந்த பஞ்சம்

"கொஞ்சம் திட்டேன்மா. ஒரே ஒரு தடவை. உன் கால்ல வேணாலும் விழறேன்."

கட்டிய மனைவியிடம் இப்படிக் கெஞ்சியவரை, ஊரில் 'கத்திரி' என்றால்தான் தெரியும். அடுத்தவர் குரலைப் பிடித்து, வெட்டி, ஒட்டி, கம்ப்யூட்டரில் தாளம் சேர்த்துச் சிரிப்புப் பாட்டாக்குவது அவர் தொழில். மாடி வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினது ஒரு பாட்டு. மைத்துனர் தும்மினது ஒரு பாட்டு. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. "காத்துல வர்ற சத்தம் எல்லாருக்கும் பொதுதானே?" என்பார். பெரிய தத்துவம்தான், போங்கள்.

போன வருடம், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு மனைவி திட்டியதைச் சட்டைப் பையிலிருந்த போனில் பதிவு செய்தார். அந்த 'ஈரத்துண்டு' பாட்டு ஓடிய ஓட்டத்தில் கத்திரிக்கு மேடை, மாலை, பேட்டி எல்லாம் கிடைத்தது. மனைவி அலுவலக லிஃப்டில் ஏறினால் நாலு பேர் அதை முணுமுணுத்தார்கள். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே பாடிக்கொண்டு வந்தன. அவமானம் தாங்காமல் ஒருநாள் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையையும் பதிவு செய்துவிட்டுத்தான் கத்திரி சமாதானம் சொன்னார்.

அன்றோடு அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலமானால் தியான வகுப்பு என்று கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

இப்போது அவர் பாட்டுகளை வெளியிடும் கம்பெனிக்காரர் ஈரத்துண்டு மாதிரியே இன்னொன்று கேட்டுக் கழுத்தை நெரிக்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் கத்திரியின் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். ஈரச் செருப்பையே கட்டிலில் வைத்தார். அவள் எடுத்து வெயிலில் காய வைத்தாள். மாமனாரைக் கஞ்சன் என்றார். "ஆமாங்க, கொஞ்சம் அப்படித்தான்" என்றாள். வேறு வழியில்லாமல் கெஞ்ச ஆரம்பித்தவர், ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டே இருக்கிறார்.

"என்ன சொன்னீங்க? காதுல சரியா விழல" என்றபடி அவள் ஃபேனை நிறுத்தினாள்.

"திட்டுன்னு சொன்னேன். நான் உருப்படாதவன்தானே?"

"கிட்ட வந்து சொல்லுங்க."

"உருப்படாதவன். சோம்பேறி. உன்னைக் கட்டிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"அந்தக் கடைசியை மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்களேன். கேக்க நல்லா இருக்கு."

இதற்காவது வாயைத் திறப்பாளா என்று சொன்னார். கொஞ்சம் இழுத்தே சொன்னார்.

"சேச்சே, இதுக்கெல்லாம் யாராவது புருஷனைத் திட்டுவாங்களா?"

"அடிப்பாவி, ஒரு 'சீ'யாவது சொல்லேன். அதை வச்சுக்கிட்டு நான் எப்படியாவது ஒப்பேத்திடுவேன்."

"தியானம் பண்றவ கோபப்படக் கூடாதுங்க."

"அந்தத் தியானம் நாசமாப் போக." கத்திரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இந்த வாய்ப்பும் போச்சுன்னா என் கதை முடிஞ்சுது. ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும்டி."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். என்னைப் பாத்துச் சிரிக்கலையா? பழகிடும்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கம்பெனிக்காரர்தான்.

"சார், சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கே" என்று கத்திரி முந்திக்கொண்டார்.

"இனிமே வேண்டாம் சார். காலைல ஒரு புது ஆள் அனுப்பின பாட்டையே எடுத்துக்கிட்டோம். ஆபீஸ்ல எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. நீங்களே கேளுங்க."

வாஷிங் மெஷின் கடகடவென்று தாளம் போட, ஓர் ஆண்குரல் துண்டு துண்டாக அழுது வடிந்தது. பின்னால் கோரஸ் பாடியதும் அதே குரல்தான். எவனோ மானங்கெட்டவன் என்று நினைத்துச் சிரிக்கப் போன கத்திரி, திறந்த வாயைப் பாதியில் மூடினார். அது அவருடைய குரல்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த தடவை கெஞ்சறப்ப மூக்கை உறிஞ்சித் தொலையாதீங்க" என்று மனைவி ஒரு வழியாகத் திட்டினாள். "அதை ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுது."