மாலை போட்ட புல்வெட்டி

கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய புல்வெட்டி மெஷினைச் சிற்றம்பலம் வெளியே இழுத்துவந்தார். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பிளேடு தீட்டி, சிவப்புப் பெயிண்ட்டும் அடித்தார்.

"இது ஓடிட்டா ஆட்டைச் சந்தையில வித்துடலாம்" என்றார். தோட்டத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு மேய்வதை நிறுத்திக் காதைத் தூக்கியது.

ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டார். மறுநாள் ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.

ஆடு மெல்லப் பக்கத்தில் வந்தது. "அண்ணே, மணவறை மாப்பிள்ளையாட்டம் இருக்கீங்க! இந்தக் கோலத்தோடயா சேத்துல இறங்கப் போறீங்க? அங்க என் புழுக்கை வேற கிடக்கு."

மெஷினுக்கு முகம் வாடியது. "கயித்தை இழுத்தா எஞ்சின் உறுமிடுமே, நான் என்ன செய்ய?"

"மூச்சைப் பிடிச்சுக்கோங்க. அப்புறம் யாரு கூப்பிடப் போறா?"

மறுநாள் தோள் வலிக்கும்வரை இழுத்தார் சிற்றம்பலம். மெஷின் மூச்சுக் காட்டவில்லை.

"போகட்டும், பார்க்க அழகா இருக்கு" என்று அதை வாசலில் நிறுத்தி வைத்தார். ஆட்டைத் தானே தோட்டத்தில் அவிழ்த்துவிட்டார்.

சாயங்காலம் வயிறு நிறைந்து வந்த ஆடு, மாலையின் நுனியைக் கடித்து இழுத்தது.

"ஏய்! சாமி பேரால போட்ட மாலை, விடு! உறுமினேன்னா ஊரே கூடிடும்!"

"தாராளமா உறுமுங்க அண்ணே" என்றது ஆடு, வாய் நிறையப் பூவோடு. "ஐயா உள்ளதான் காபி குடிக்கிறார்."

மெஷின் கம்மென்று நின்றது. ஆடு கடைசிப் பூ வரைக்கும் நிதானமாக மென்றது.